நிழலுக்கு ஒரு நோட்டு

பெங்களூரு,
பிப்ரவரி 1

அன்பு மருமகளுக்கு,

அத்தை எழுதுவது. பிப்ரவரி 28 பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு எரிமலை செய்யலாமா, சொட்டுநீர்ப் பாசனம் செய்யலாமா, எதற்குப் பரிசு கிடைக்கும் என்று கேட்டிருக்கிறாய். பரிசை நடுவர்களிடம் விட்டுவிடுவோம் மக்களே. எரிமலையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். சமையல் சோடாவில் வினிகரை ஊற்றினால் பொங்கும் என்பது ஊற்றுவதற்கு முன்பே உனக்குத் தெரியும். பார்க்க வருகிற எல்லோருக்கும் தெரியும். பொங்கி அடங்கிய பிறகு யாருக்கும் புதிதாக ஒன்றும் தெரிந்திருக்காது. மாடல் செய்வது நல்ல கைவேலைதான், அதில் தப்பில்லை. ஆனால் நீ ஒன்பதாம் வகுப்புக்கு வந்துவிட்டாய். விடை தெரியாத ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு, உன் கையாலேயே அளந்து ஒரு விடைக்கு வந்து சேரும் வயது இது.

என் யோசனை இதுதான். நாம் இருவரும் சேர்ந்து பூமியின் சுற்றளவை அளப்போம். நீ நாகர்கோவிலில் உங்கள் மொட்டை மாடியில், நான் இங்கே எங்கள் மொட்டை மாடியில். ஒரே நாள், ஒரே உச்சிவேளை. செலவு என்று பார்த்தால் ஓர் அட்டை, கொஞ்சம் நூல், ஒரு நோட்டு.

அட்லஸை எடுத்துப் பார். 77, 78 என்று போட்டிருக்கும் இரண்டு தீர்க்கக் கோடுகளுக்கு நடுவே உங்கள் ஊரும் இருக்கும், பெங்களூரும் இருக்கும். மாலையில் இங்கே ஏறி மறுநாள் காலை உங்கள் ஊரில் இறங்குகிற ரயில் ஓசூர், சேலம், மதுரை என்று வளைந்து வளைந்து வருவதால் நமக்குத் தெரிவதில்லை. உண்மையில் பெங்களூருக்கு ஏறத்தாழ நேர் தெற்கே இருக்கிறது நாகர்கோவில். சூரியன் இரண்டு ஊர்களிலும் ஒரு நிமிடத்துக்குள்ளான இடைவெளியில் உச்சியைக் கடக்கும். இந்தக் கணக்குக்கு இதைவிட வசதியான இரண்டு வீடுகள் கிடைக்காது. நம் குடும்பம் ஏதோ காரணத்தால் வடக்கு-தெற்காகப் பிரிந்து போயிருக்கிறது. அதற்கு இப்போது ஒரு பயன் வந்திருக்கிறது.

இதை முதலில் செய்தவர் எரட்டோஸ்தெனிஸ். கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் எகிப்தின் அலெக்சாந்திரியா நூலகத்துக்குத் தலைவராக இருந்த கிரேக்கர். தெற்கே சையீன் என்ற ஊரில் (இன்றைய அஸ்வான்) கோடையின் மிக நீண்ட பகலில் உச்சிவேளைச் சூரியன் தலைக்கு நேர் மேலே நிற்கும், நட்டுவைத்த கோலுக்கு நிழல் இருக்காது. அதே நாளில் அலெக்சாந்திரியாவில் நிழல் விழுந்தது. அந்த நிழல் காட்டிய கோணம் ஒரு முழு வட்டத்தில் ஐம்பதில் ஒரு பங்கு. இரண்டு ஊர்களுக்கும் நடுவே 5,000 ஸ்டேடியம் (அக்காலக் கிரேக்க நீள அலகு) தூரம் என்று எடுத்துக்கொண்டார். அப்படியானால் பூமியைச் சுற்றிவர அதைப் போல ஐம்பது மடங்கு, 2,50,000 ஸ்டேடியம்.

இதில் உன் நோட்டுக்கு வேண்டிய ஒரு செய்தி இருக்கிறது. அவர் எழுதிய நூல் அழிந்துபோய்விட்டது. கிளியோமெடிஸ் என்பவர் பிற்காலத்தில் எழுதிய சுருக்கத்திலிருந்துதான் நமக்கு இந்தக் கதையே தெரியும். எரட்டோஸ்தெனிஸ் சொன்ன ஸ்டேடியம் எத்தனை மீட்டர் என்பதில் அறிஞர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. அதனால் அவர் விடை உண்மைக்கு மிக அருகில் வந்ததா, கொஞ்சம் தள்ளிப் போனதா என்று நம்மால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. நம் ஆரியபடர் 499-ஆம் ஆண்டை ஒட்டி எழுதிய நூலில் பூமியின் விட்டம் 1,050 யோசனை என்கிறார். அங்கேயும் யோசனை எவ்வளவு நீளம் என்ற இடத்தில் வந்து நிற்கிறோம். இவ்வளவு பெரிய மூளைகள் செய்த வேலைக்கு அருகில், அலகைப் பற்றி ஒரு வரி கூடுதலாகக் கிடைத்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று நான் பல முறை ஏங்கியிருக்கிறேன். ஆகவே உன் நோட்டில் எந்த எண்ணும் தனியாக நிற்கக் கூடாது. பக்கத்திலேயே செ.மீ. என்றோ, டிகிரி என்றோ, நிமிடம் என்றோ இருக்க வேண்டும்.

நிழல் இல்லாத நாள் வரும்வரை காத்திருக்க வேண்டாமா என்று கேட்பாய். இங்கே அது ஏப்ரல் 24 அல்லது 25-இல் ஒரு முறை, ஆகஸ்ட் 18-ஐ ஒட்டி இன்னொரு முறை வரும். உங்கள் ஊரில் ஏப்ரல் 10-ஐ ஒட்டியும் செப்டம்பர் தொடக்கத்திலும். கோரமங்களாவில் இருக்கும் இந்திய வான் இயற்பியல் நிறுவனத்திலும் இங்குள்ள நேரு கோளரங்கத்திலும் அந்த நாளில் பிள்ளைகள் கூடுவார்கள். ஏப்ரலில் பகல் 12 மணி 17 நிமிடம் வாக்கில் பாட்டிலும் குழாயும் டார்ச் விளக்கும் தரையில் நிற்க, அவற்றின் நிழல் அவற்றின் காலடியிலேயே ஒடுங்கிவிடும். பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் நிறையப் பேர் படம் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். அன்றைக்கே இன்னொரு ஊரில் ஒருவர் நிழலை அளந்து, இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால்தான் அது சோதனையாகும்.

அப்படி இரண்டு ஊர்களில் அளப்பதாக இருந்தால் நிழல் இல்லாத நாளே தேவையில்லை. சூரியன் எங்கே நிற்கிறது என்பது அன்றைக்கு இருவருக்கும் பொது. உன் கோணத்தை என் கோணத்திலிருந்து கழித்தால் சூரியனின் பங்கு கழிந்துபோய், பூமியின் வளைவு மட்டும் மிஞ்சும். நிழல்கள் எதிரெதிர்ப் பக்கம் விழும் சில நாட்களைத் தவிர, வருஷத்தில் எந்த வெயில் நாளிலும் அந்த மிச்சம் மாறாது. இதை நம்பாமல் ஒரு படம் வரைந்து நீயே சரிபார்த்துக்கொள். படம் சரியாக வந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

இனி செய்முறை. நோட்டின் முதல் பக்கத்தில் ‘பூமியின் சுற்றளவு என்ன’ என்று எழுதாதே. அது பெரிய கேள்வி, நீ மாடியில் அளக்கப் போவது அதுவல்ல. ‘இந்த நாளில் உச்சிவேளையில் சூரியன் தலைக்கு நேர் மேலிருந்து எத்தனை டிகிரி விலகி நிற்கிறது? நாகர்கோவிலில் எவ்வளவு, பெங்களூரில் எவ்வளவு?’ என்று எழுது. டேப்பை வைத்து விடை சொல்லக்கூடிய கேள்வி இது. சுற்றளவு பிறகு கணக்கில் வரும்.

சாதாரணமாகக் கம்பு நட்டு நிழலை அளக்கச் சொல்வார்கள். நாம் அதைச் செய்ய வேண்டாம். சூரியன் ஒரு புள்ளி இல்லை, வானத்தில் அரை டிகிரி அகலம் உள்ள வட்டம். அதனால் ஒரு மீட்டர் கம்பின் நுனி நிழல் கூர்மையாக முடியாது. ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டருக்குக் கருமை கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்துக்கொண்டே போகும். அதில் எங்கே கோடு போடுவாய்? நம் இரண்டு ஊர்களுக்கும் இடையிலான கோணம் சிறியது என்பதால், ஒரு மீட்டர் உயரம் வைத்துச் செய்யும்போது நிழலில் ஒரு மில்லிமீட்டர் தப்பினால் கடைசி விடையில் கிட்டத்தட்ட 400 கிலோமீட்டர் தப்பும். இதை நான் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன், நீயும் போட்டுப் பார்.

கம்புக்குப் பதிலாகத் துளை. கல்யாணப் பத்திரிகை அட்டை மாதிரி கெட்டியான அட்டை, ஒரு சாண் அகலம். அதன் நடுவே மூன்று மில்லிமீட்டர் அளவுக்கு வட்டமான துளை. நாற்காலியின் முதுகில் ஒரு கம்பைப் படுக்கையாகக் கட்டி, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நுனியில் இந்த அட்டையை அசையாமல் ஒட்டிவிடு. கீழே விழும் அட்டையின் நிழலுக்கு நடுவில் ஒரு சின்ன ஒளிவட்டம் தெரியும். அது துளையின் வடிவம் அல்ல, சூரியனின் பிம்பம். அதன் நடுப்புள்ளியைப் பென்சில் முனையால் குறிப்பது நிழலின் விளிம்பைத் தேடுவதைவிட எவ்வளவோ சுலபம். கம்பு செங்குத்தாக நிற்கிறதா என்ற கவலையும் இதில் இல்லை. துளையிலிருந்து தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, அதன் முனை தொடும் இடத்தைக் குறித்துக்கொள். அதுதான் அடிப்புள்ளி. அடிப்புள்ளியிலிருந்து துளை வரை உயரம், அடிப்புள்ளியிலிருந்து ஒளிவட்டத்தின் நடு வரை நீளம். இரண்டு அளவுகள்தான். இரண்டையும் ஒரே டேப்பால் எடு. தையல் டேப் கொஞ்சம் இழுபட்டுப் போயிருந்தாலும் பரவாயில்லை, நமக்கு வேண்டியது ஒன்றை மற்றொன்றால் வகுத்துவரும் விகிதம். டேப்பின் குறை மேலும் கீழும் இருந்து அடிபட்டுப்போகும். உயரம் 98.7 செ.மீ. என்று வந்தால் 98.7 செ.மீ. என்றே எழுது. 100 என்று முழுதாக்க ஆசை வரும், இடம் கொடுக்காதே.

ஒளிவட்டம் விழும் பலகை மட்டமாக இருக்க வேண்டும். மொட்டை மாடித் தளத்தை நம்பாதே. மழைநீர் வடியட்டும் என்று கொத்தனார் சாய்வாகத்தான் போட்டிருப்பார். நூறுக்கு ஒன்று என்ற சாய்வு கண்ணுக்குத் தெரியாது, ஆனால் அது அரை டிகிரிக்கும் மேல். நம் விடையில் பத்தில் ஒரு பங்குக்கும் மேலாக அடித்துக்கொண்டு போய்விடும். உங்கள் வீட்டு கேரம் போர்டைக் கவிழ்த்துப் போடாமல் முகம் மேலே இருக்க வை. அதன்மேல் வெள்ளைத்தாளை ஒட்டு. பக்கத்தில் வீடு கட்டுகிற இடத்தில் கேட்டால் ரசமட்டம் ஒரு மணி நேரத்துக்குத் தருவார்கள். குறுக்கே ஒரு முறை, நெடுக்கே ஒரு முறை வைத்துப் பார்த்து, மூலைகளுக்கு அடியில் அட்டைத் துண்டுகளைச் சொருகு. காற்று உங்கள் ஊரில் அதிகம். நாற்காலியில் ஒரு செங்கல்லோ தண்ணீர்க் குடமோ ஏற்றி வை.

நேரம். இங்கேதான் பெரும்பாலோர் சறுக்குவார்கள். உச்சிவேளை என்றால் 12 மணி என்று நினைத்துவிடாதே. நம் கடிகாரம் மிர்சாபூர் வழியாகப் போகும் 82½ டிகிரிக் கோட்டின் நேரத்தைக் காட்டுகிறது. நாம் அதற்கு ஐந்து டிகிரி மேற்கே இருக்கிறோம். ஒரு டிகிரிக்கு நான்கு நிமிடம் வீதம் 20 நிமிடம் பிந்தும். போதாததற்குப் பிப்ரவரி நடுவில் சூரியன் கடிகாரத்தைவிட 14 நிமிடம் பின்தங்கி ஓடும். பூமியின் பாதை சரியான வட்டமில்லாததும் அதன் அச்சு சாய்ந்திருப்பதும் சேர்ந்து செய்கிற வேலை இது. 12 மணி அடித்ததும் அளந்துவிட்டு இறங்கிவிட்டால், பெங்களூரில் ஏறத்தாழ மூன்று சென்டிமீட்டர் கூடுதலாக நீண்ட நிழலை எழுதியிருப்போம். ஆகவே 12.05-க்குத் தொடங்கி 1.05 வரை ஐந்து நிமிடத்துக்கு ஒரு புள்ளி வை. ஒவ்வொரு புள்ளிக்குப் பக்கத்திலும் நேரத்தை எழுது. மாலையில் புள்ளிகளைச் சேர்த்தால் ஒரு கோடு வரும். அடிப்புள்ளிக்கு மிக அருகில் அந்தக் கோடு வருகிற இடம்தான் உன் உச்சிவேளை. அடிப்புள்ளியிலிருந்து அந்த இடத்துக்கு இழுத்த கோடுதான் உங்கள் வீட்டின் உண்மையான வடக்கு. கடிகாரத்தை நம்பாமலும் திசைகாட்டி இல்லாமலும் இரண்டும் கிடைத்துவிடும்.

நாள்: வரும் இரண்டாம் சனி, ஞாயிறு. இருவரும் ஒரே நாளில் அளந்தால்தான் கணக்கு செல்லும். நீ சனிக்கிழமை அளந்ததையும் நான் ஞாயிற்றுக்கிழமை அளந்ததையும் சேர்க்க முடியாது. இந்த மாதத்தில் சூரியன் நாளுக்கு மூன்றில் ஒரு டிகிரி வடக்கே நகர்கிறது. ஒரு மீட்டர் உயரத்துக்கு நிழல் தினமும் ஏழு மில்லிமீட்டர் போலக் குறையும். அதே காரணத்தால் இரண்டு நாள் நிழல்களைக் கூட்டிச் சராசரி எடுக்கவும் கூடாது. ஒவ்வொரு நாளுக்கும் தனித்தனியாக வித்தியாசத்தைக் கண்டுபிடித்து, அந்த இரண்டு வித்தியாசங்களையும் ஒப்பிட வேண்டும். அவை எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதைப் பார்த்தால் நம் கையை எவ்வளவு நம்பலாம் என்று தெரிந்துவிடும்.

இப்போது நோட்டைப் பற்றி. இந்தக் கடிதமே அதற்காகத்தான்.

நான் செய்முறை வகுப்பு எடுக்கிறவள். பிள்ளைகள் ரெக்கார்டு நோட்டு எழுதுவதை வருஷக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பென்சிலால் கோடு போட்டு, நோக்கம், தேவையான பொருட்கள், செய்முறை, முடிவு என்று அழகாக எழுதுவார்கள். ரீடிங் சரியாக வராவிட்டால் அழிரப்பரால் அழித்துவிட்டுப் பக்கத்து மேஜையிலிருந்து ஒன்றை வாங்கிப் போட்டுக்கொள்வார்கள். மூத்த மாணவர்களின் நோட்டைப் பார்த்துச் சோதனைக்கு முன்பே முடிவை எழுதிவைப்பதும் உண்டு. பிள்ளைகளைக் குறை சொல்லி என்ன செய்ய? சரியான விடைக்கு மதிப்பெண் கொடுக்கிறோம், உண்மையான ரீடிங்குக்குக் கொடுப்பதில்லை. எனக்கு இது மனத்தை மிகவும் உறுத்துகிறது. ஒரு பிள்ளையின் கை எடுத்த முதல் அளவு, அது எவ்வளவு கோணலாக இருந்தாலும், உலகத்தில் அதற்கு முன் இல்லாத ஒன்று. அதை அழிக்க யாருக்கும் உரிமை இல்லை.

உனக்கு ஒரு கூடுதல் ஆபத்து இருக்கிறது. பூமியின் சுற்றளவு சுமார் 40,000 கிலோமீட்டர் என்று புத்தகத்தில் படித்துவிட்டாய். (அது இவ்வளவு முழு எண்ணாக இருப்பதற்குக் காரணம் உண்டு. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் வட துருவத்திலிருந்து நிலநடுக்கோடு வரையுள்ள தூரத்தில் ஒரு கோடியில் ஒரு பங்குதான் ஒரு மீட்டர் என்று முடிவு செய்தார்கள்.) தெரிந்த விடை கையை இழுக்கும். ஒளிவட்டத்தின் நடு இங்கேயா, அரை மில்லிமீட்டர் தள்ளியா என்று தயங்கும்போது, எது 40,000-க்குப் பக்கத்தில் கொண்டுபோகுமோ அந்தப் பக்கம் பென்சில் சாயும். நல்லவர்களுக்கும் அது நடக்கும். அதனால் ஓர் ஏற்பாடு செய்வோம். அளந்து முடிக்கும்வரை கோணத்தைக் கணக்குப் போடக் கூடாது. நீ உன் பக்கத்தைப் படம் எடுத்து உன் அப்பாவின் போனில் வைத்திரு, நான் என் பக்கத்தை எடுத்து வைக்கிறேன். மாலை ஆறு மணிக்கு ஒரே நேரத்தில் ஒருவருக்கொருவர் அனுப்புவோம். அதற்கு முன் என் எண்ணை நீ கேட்கவும் கூடாது, நான் சொல்லவும் மாட்டேன். இரண்டு ஊர்களின் அட்சரேகையையும் அதுவரை தேடிப் பார்க்காதே.

பேனாவால் எழுது. தப்பாக எழுதிவிட்டால் ஒரே ஒரு கோடு போட்டு அடி, கீழே உள்ள எண் படிக்கத் தெரிய வேண்டும். பக்கத்தில் ஏன் அடித்தாய் என்று எழுது. 12.25-க்கு மேகம் மறைத்துவிட்டதா? அந்த வரியைக் காலியாக விட்டு ‘மேகம்’ என்று எழுது, முன்னும் பின்னும் பார்த்து இடையில் ஒன்றைப் போட்டு நிரப்பாதே. தம்பி ஓடிவந்து நாற்காலியைத் தட்டிவிட்டானா? எத்தனை மணிக்குத் தட்டினான் என்று எழுது, பிறகு தூக்குக்குண்டை மறுபடி தொங்கவிட்டு அடிப்புள்ளி நகர்ந்ததா என்று பார்த்து அதையும் எழுது. அன்றைக்கு எழுதியது அன்றைக்கே, மாடியிலேயே இருக்கட்டும். கசங்கினாலும் வியர்வை பட்டாலும் அந்தப் பக்கம்தான் அசல். கண்காட்சிக்கு அழகாக எழுதிய பிரதி வேறு, அதில் சார்ட்டெல்லாம் ஒட்டிக்கொள். அசல் நோட்டும் அதே மேஜையில் பக்கத்தில் இருக்க வேண்டும்.

இவ்வளவு சின்ன விஷயங்கள் எதற்கு என்று தோன்றினால், நம் இரண்டு ஊர்களையும் இணைத்த ஒரு மனிதரைப் பற்றிச் சொல்கிறேன். வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலேய நில அளவையாளர். 1800-இல் பெங்களூருக்கு அருகே ஓர் அடிக்கோட்டை அளந்து பழகினார். 1802 ஏப்ரலில் சென்னை பரங்கிமலைக்குப் பக்கத்தில் ஏழரை மைல் நீளத்துக்கு நூறு அடிச் சங்கிலியை வைத்து வைத்து அளந்தார். அதற்கு 57 நாள் ஆயிற்று. சங்கிலியை வெறுந்தரையில் போடவில்லை. மரப்பெட்டிகளுக்குள் கிடத்தி, பக்கத்தில் வெப்பமானிகளை வைத்து, வெயிலில் இரும்பு எவ்வளவு நீளும் என்பதையும் குறித்துக்கொண்டே போனார். பிறகு பெங்களூர் வழியாகச் செல்லும் ஒரு தீர்க்கக் கோட்டைப் பிடித்துக்கொண்டு, முக்கோணம் முக்கோணமாகக் குமரிமுனைப் பக்கம் வரை இறங்கினார். உங்கள் மாவட்டத்துக் குன்றுகளிலிருந்து லாம்டன் குழுவினர் பார்த்த அதே கோட்டில்தான் நீயும் நானும் இப்போது நிற்கிறோம். கோணங்களை அளக்கும், அரை டன் எடையுள்ள தியோடலைட் ஒன்றை ஊர் ஊராகச் சுமந்தார்கள். 1808-இல் தஞ்சைக் கோவில் கோபுரத்தில் அதை ஏற்றும்போது சுவரில் மோதி நசுங்கிவிட்டது. லாம்டன் கூடாரத்துக்குள் அடைந்துகொண்டு வாரக்கணக்கில் உட்கார்ந்து, அதன் வளைந்த அளவு வட்டத்தைத் தானே நிமிர்த்தினார். அவர் 1823-இல் இறந்த பிறகு ஜார்ஜ் எவரெஸ்ட் அந்தக் கோட்டை இமயமலை அடிவாரம் வரை கொண்டுபோனார். லாம்டன் எப்படி அளந்தார் என்று விரிவாக எழுதி அச்சிட்டுவிட்டுப் போயிருந்ததால்தான், பின்னால் வந்தவர்களால் அதில் எதை வைத்துக்கொள்வது, எதைத் திரும்ப அளப்பது என்று முடிவெடுக்க முடிந்தது.

அந்த வேலைக்குப் பின்னால் சங்கிலி இழுத்தவர்களும் கொடி பிடித்தவர்களும் சுமை தூக்கியவர்களும் நூற்றுக்கணக்கில் இருந்தார்கள். பெரும்பாலோர் நம் ஊர்க்காரர்கள். அவர்கள் பெயர்கள் கிடைப்பது அரிது. உன் நோட்டில் யார் டேப்பைப் பிடித்தார்கள், யார் நேரத்தைச் சொன்னார்கள் என்பதும் இருக்கட்டும். ஆச்சி குடை பிடித்தால் ஆச்சி பெயரும்.

பிப்ரவரி 28 எதற்காக அறிவியல் நாள் என்று உனக்குத் தெரியும். 1928-இல் கல்கத்தாவில் ராமன் விளைவு கண்டறியப்பட்ட நாள். ராமன் 1933-இல் இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநராக இங்கே வந்து, 1948-இல் தன் பெயரிலேயே ஓர் ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கி, 1970-இல் இறக்கும்வரை பெங்களூரிலேயே இருந்தார். ஆனால் அந்த 1928 பிப்ரவரியைப் பற்றிப் பேசும்போது எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அவருடன் வேலை செய்த கே.எஸ். கிருஷ்ணன். வத்திராயிருப்புக்காரர். சூரிய ஒளியை ஒரு வண்ண வடிகட்டி வழியாகத் திரவத்துக்குள் செலுத்தி, சிதறி வருவதை இன்னொரு வடிகட்டி வழியாக வெறும் கண்ணால் பார்த்தார்கள். அவ்வளவு எளிய ஏற்பாடு. அந்த பிப்ரவரியில் கிருஷ்ணன் ஒரு நாட்குறிப்பு எழுதினார். எந்தத் திரவத்தைப் பார்த்தோம், என்ன தெரிந்தது, பேராசிரியர் எப்போது வந்து பார்த்தார் என்பதையெல்லாம் நாள்வாரியாகக் குறித்தார். யார் எதை எப்போது கண்டார்கள் என்று பிற்காலத்தில் விவாதம் வந்தபோது, வரலாற்றை எழுதியவர்கள் கை நீட்டியது அந்தப் பக்கங்களை நோக்கித்தான். எழுதும்போது அவருக்கு அது சரித்திரமாகும் என்று தெரிந்திருக்காது. அன்றன்றைக்கு எழுதினார், அவ்வளவுதான்.

இனி கணக்கு. நீளத்தை உயரத்தால் வகுத்தால் வருவது கோணத்தின் டேன்ஜென்ட். உன் கணக்குப் புத்தக அட்டவணையில் அதற்குரிய கோணத்தைப் பார். பாகைமானியால் அளக்காதே, அதில் அரை டிகிரிக்குக் கீழே கண் நிதானிக்காது. இரண்டு கோணங்களின் வித்தியாசத்தால் 360-ஐ வகுத்து, நம் ஊர்களுக்கு இடையே உள்ள தூரத்தால் பெருக்கு. அந்தத் தூரத்துக்கு ரயில் தூரமோ நெடுஞ்சாலைத் தூரமோ உதவாது. அட்லஸில் நூலை நேராகப் பிடித்து, கீழே உள்ள அளவுகோலில் வைத்துப் பார். நான் இங்கே வேறொரு அட்லஸில் பார்க்கிறேன்.

அறிக்கையில் ஒன்றை மறைக்காமல் எழுத வேண்டும். கோணங்களை நாம் அளந்தோம், தூரத்தை நாம் அளக்கவில்லை, வரைபடத்திலிருந்து கடன் வாங்கினோம். அந்த வரைபடத்தின் பின்னால் லாம்டனின் சங்கிலி இருக்கிறது. ஆகவே இரண்டு பத்திகளாகப் பிரித்து, ஒன்றில் ‘அளந்தது’, மற்றதில் ‘எடுத்துக்கொண்டது’ என்று தலைப்புப் போடு. சூரியக் கதிர்கள் இணையாக வருகின்றன என்பதும் இரண்டாவது பத்தியில்தான் சேரும்.

இந்தக் கடைசி வரியை வைத்து ஒரு நல்ல நடுவர் உன்னை மடக்கலாம். ‘பூமி தட்டையாகவும், சூரியன் சில ஆயிரம் கிலோமீட்டர் உயரத்தில் பக்கத்திலேயேயும் இருந்தாலும் இரண்டு ஊர்களில் இதே நிழல்கள் வருமே?’ என்று கேட்டால் என்ன சொல்வாய்? அவர் சொல்வது சரி. இரண்டு ஊர்களின் நிழல்களை மட்டும் வைத்து அதை மறுக்க முடியாது. மூன்றாவது ஓர் ஊர் வேண்டும். தட்டை பூமிக் கணக்கில் நாகர்கோவிலையும் பெங்களூரையும் வைத்துச் சூரியனுக்கு ஓர் உயரம் வரும். பெங்களூரையும் இன்னும் வடக்கே உள்ள ஊரையும் வைத்தால் வேறோர் உயரம் வரும். ஒரே சூரியன் ஒரே நேரத்தில் இரண்டு உயரங்களில் நிற்காது. உருண்டைக் கணக்கில் மூன்று ஊர்களுக்கும் சேர்த்து ஒரே சுற்றளவு வரும், அல்லது வருகிறதா என்று பார்க்கலாம். டெல்லியும் அதே 77 டிகிரிச் சொச்சத்தில்தான் இருக்கிறது. அங்கே உன் சித்தப்பா இருக்கிறார்.

அவரிடம் நான் பேசிவிட்டேன். சனி, ஞாயிறு இரண்டு நாளும் வீட்டில்தான் இருப்பாராம். செய்முறையை அவருக்கு நீதான் எழுதி அனுப்ப வேண்டும். இந்தக் கடிதத்தை அப்படியே அனுப்பாதே, உன் வார்த்தைகளில், உன் படத்தோடு எழுது. அவர் போனில் கூப்பிட்டு ஒரு சந்தேகமும் கேட்காமல் அளந்து முடித்துவிட்டால் நீ எழுதியது சரி. எந்த இடத்தில் கேட்கிறாரோ அந்த இடத்தைத் திருத்தி எழுது. அதே பக்கம்தான் கண்காட்சி அறிக்கையில் ‘செய்முறை’ என்ற பகுதியாகப் போகும். அவர் வீட்டில் கேரம் போர்டு கிடையாது, அதற்கு என்ன செய்வது என்பதையும் யோசித்து எழுது. டெல்லியில் நிழல் நம்மைவிட நீளமாக விழும், பெரிய பலகையாகப் பார்க்கச் சொல்.

தொப்பி போட்டுக்கொள். சூரியனைத் துளை வழியாகவோ நேராகவோ பார்க்காதே, தாளில் விழும் வட்டத்தை மட்டும் பார். சனிக்கிழமைக்கு முன் ஒரு நாள் வெறும் ஒத்திகை பார்த்துவிட்டு, எது ஆடியது, எது நழுவியது என்று எனக்கு எழுது.

அப்பா, அம்மா, ஆச்சி எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் அத்தை